கீரிமலைக்கு வரப்போகும் என் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். நீயும் மருமகளும் குஞ்சுகளும் அங்கே நலமாக இருக்க மாவிட்டபுரத்து முருகனை வேண்டுகிறேன்.

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய கோயில் பட்டியலைப் பார்த்தேன். நல்லூர், சந்நிதி, வல்லிபுரம், நயினாதீவு, தெல்லிப்பழை துர்க்கை அம்மன், மாவிட்டபுரம், கீரிமலை எல்லாம் மூன்று நாளுக்குள். ஒரு வான் பிடித்தால் முடியும்தான். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் இரண்டு நாளிலேயே முடித்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் உன் பிள்ளைகள் இரண்டும் இந்த மண்ணுக்கு முதல் தடவையாக வருகின்றன. வானில் ஏறி இறங்கி, செருப்பைக் கழற்றி மாட்டி, எல்லா வாசலிலும் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனால், ஊருக்குத் திரும்பிய பிறகு எந்தக் கோயில் எது என்றே அதுகளுக்கு நினைவில் நிற்காது. போனில் சொன்னால் நீ "சரியம்மா, பார்ப்பம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

எனக்கு வேண்டியது இதுதான். இந்த ஆடி அமாவாசைக்கு நீ கீரிமலையில் நிற்க வேண்டும். அப்பா போன பிறகு செய்கிற அந்தியேட்டிக் கிரியையை அங்கேதான் செய்தோம். உன் பாஸ்போட் அலுவலகத்தில் கிடந்த நேரம் அது. நீ அங்கே இருந்து துடித்தது எனக்குத் தெரியும். சித்தப்பாவின் மகன்தான் உன் இடத்தில் நின்று எல்லாம் செய்தான், ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி என்று இந்த மண்ணில் பிள்ளைகள் பிடிக்கிற விரதத்தை, முதல் முறையாவது உன் கையால், அந்தக் கேணிக்கரையில் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. அந்த ஒரு நாள் முழுவதையும் கீரிமலைக்கும் மாவிட்டபுரத்துக்கும் விடு. மற்றக் கோயில்களைப் பிறகு பார்ப்போம்.

போன கிழமை பேரன் வீடியோவில் என்னைக் கேட்டான்: "அப்பம்மா, அந்த இளவரசிக்கு உண்மையாகவே குதிரை முகமா?" நீதான் எதையோ அரைகுறையாகச் சொல்லியிருக்கிறாய் போலிருக்கிறது. வரும்போது விமானத்திலாவது ஒழுங்காகச் சொல்லிக் கூட்டிவா. கதை இதுதான், உனக்கும் மறந்திருக்கும்.

சோழ அரசன் ஒருவனுக்கு ஒரு மகள், மாருதப்புரவீகவல்லி. அவளுக்குக் குன்ம நோய். வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிற வலி, மருந்துக்குக் கேட்காது. அதோடு முகமும் குதிரை முகமாக இருந்தது. எத்தனையோ தீர்த்தம் ஆடினாள், பலன் இல்லை. கடைசியில் சாந்தலிங்கன் என்ற சந்நியாசி ஒருவர், இலங்கையின் வடகரையில் கீரிமலை என்றொரு இடம் இருக்கிறது, கடலோரத்தில் நன்னீர் ஊற்று, அங்கே போய் ஆடு என்று சொன்னார். அவள் பரிவாரத்தோடு கடல் கடந்து வந்தாள். நாள்தோறும் தீர்த்தமாடிச் சிவனை வழிபட்டாள். நோய் விட்டது. குதிரை முகம் மாறி மனித முகம் வந்தது. மா என்றால் குதிரை, குதிரை முகம் விட்ட இடம்தான் மாவிட்டபுரம் என்று ஆச்சி சொல்லித் தந்தாள்.

நன்றி செலுத்த முருகனுக்கு ஒரு கோயில் கட்ட நினைத்தாள். தகப்பனுக்குச் சொல்லி அனுப்ப, அவன் காங்கேயன் என்கிற முருகனின் திருவுருவத்தையும், பூசை செய்யத் தில்லையிலிருந்து பெரிய மனத்துள்ளார் என்ற அந்தணரையும் கப்பலில் அனுப்பினான். கப்பல் வந்த துறைக்கு அதுவரை கயத்துறை என்று பெயர். சுவாமி வந்திறங்கிய பிறகு அது காங்கேசன்துறை ஆனது. அப்பா சம்பளம் வாங்கிய சீமெந்துத் தொழிற்சாலை இருந்த அதே காங்கேசன்துறை. பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லு. அவர்களுடைய அப்பப்பா வேலை செய்த ஊரின் பெயர் ஒரு கப்பலில் வந்த சுவாமியின் பெயர் என்றால் கேட்க எவ்வளவு ஆசையாக இருக்கும்!

கதிரமலையிலிருந்து ஆண்ட உக்கிரசிங்கன் அவளைக் கண்டு மணந்துகொண்டான். அவனுக்குச் சிங்க முகம் என்றும் சொல்வார்கள். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில் இந்தக் கதை வருகிறது. அதாவது ஏறக்குறைய முந்நூறு வருடத்துக்கு முன்பே எழுத்தில் ஏறிவிட்ட கதை. வாய்க்கு வாய் அதற்கு எத்தனை காலம் முந்தியதோ. பேரன் திரும்பவும் உண்மையா என்று கேட்டால், "இந்த ஊர் இதை நம்பித்தான் இருக்கிறது, நீயும் கேணியில் முகத்தைக் கழுவிப் பார்" என்று சொல்லு. அவனை ஏமாற்றுவதாக ஆகாது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது முதல் முறை அந்தப் படியில் இறங்கி முகத்தைக் கழுவிவிட்டு, நிமிர்ந்து என் முகத்தை நானே தடவிப் பார்த்திருக்கிறேன்.

அவளுக்கும் முந்திய கதை நகுல முனிவருடையது. சாபத்தால் கீரி முகம் வந்த முனிவர். அவரும் இந்த ஊற்றில் ஆடித்தான் முகம் மாறினார். அவர் வழிபட்ட சிவன் நகுலேஸ்வரர், அம்பாள் நகுலாம்பிகை. திருக்கேதீஸ்வரம், திருக்கோணேஸ்வரம், முன்னேஸ்வரம், தொண்டேஸ்வரம், நகுலேஸ்வரம் என்று பஞ்சேஸ்வரங்களைச் சொல்லும்போது வடக்குக் கரையைக் காக்கிறவர் இவர். போர்த்துக்கேயர் காலத்தில் அந்தக் கோயில் அழிந்துபோனது. பிறகு வெகு காலம் தீர்த்தம் மட்டும்தான் இருந்தது. கோயில் இல்லாத நாட்களிலும் சனம் வந்து ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது, தம்பி. ஆறுமுக நாவலர் தன் கடைசிக் காலத்தில் இந்தக் கோயிலைத் திரும்பக் கட்டுங்கள் என்று எழுதினார். அவர் 1879 இல் போய்விட்டார். ஆனால் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கோயில் எழுந்துவிட்டது.

கேணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அதைக் கண்டு அசந்து போய்விடுவார்கள். கடலுக்கும் கேணிக்கும் நடுவில் ஒரு மதில்தான். அந்தப் பக்கம் அலை வந்து மோதித் துமி தெறிக்கும். இந்தப் பக்கம் கல் படி கட்டிய கேணியில் நீலமும் பச்சையுமாகத் தண்ணீர் அசையாமல் நிற்கும். கால் வைத்தவுடன் குளிர் முழங்கால் வரைக்கும் ஏறும். வாயில் பட்டால் உப்பு மிகக் கொஞ்சமாகத்தான் தெரியும், குளித்துவிட்டு வந்தால் உடம்பு பிசுபிசுக்காது. ஆண்களுக்குப் பெரிய கேணி, பெண்களுக்குச் சுற்று மதில் கட்டிய தனிக் கேணி. பொடியன்கள் மதிலில் ஏறி நின்று குதிப்பார்கள். பேரன் குதிக்கப் போகிறேன் என்று நிற்பான், முதலில் படியால் இறக்கிப் பழக்கு. பாசி பிடித்த படி வழுக்கும்.

கடலோரத்தில் நல்ல தண்ணீர் எப்படி வருகிறது என்று அவன் கேட்பான். அப்பா இருந்திருந்தால் சுண்ணாம்புக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கியிருப்பார். அவர் எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல ஒன்றும் இல்லை. மாரியில் பெய்கிற மழையைச் செம்மண்ணும் அதன் கீழே கிடக்கிற சுண்ணாம்புக்கல்லும் குடித்துக்கொள்கின்றன. கல்லுக்குள் வெடிப்பும் பொந்தும் குகையுமாக வழி இருக்கிறது. உப்புத் தண்ணீரை விட நன்னீர் பாரம் குறைவு, அதனால் அது மேலே மிதந்தபடி கடல் பக்கம் நகரும். கரையில் கல் வெடித்த இடத்தில் வெளியே வரும். அப்படி வெளியே வருகிற ஒரு வாய்தான் கீரிமலை. நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. நிலாவரையில் எலுமிச்சம்பழம் போட்டால் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று ஊரில் சொல்கிற கதை இந்த வழியை வைத்துத்தான் வந்திருக்கும் என்று அப்பா சொல்வார். தொழிற்சாலையில் நாள் முழுக்க அந்தக் கல்லோடு நின்ற மனிதர், அமாவாசைக்கு அமாவாசை கேணியில் இறங்கும்போது "நகுலேஸ்வரா" என்றுதான் இறங்கினார். கல்லின் கணக்கும் சுவாமியின் கதையும் அவருக்குள் சண்டை பிடித்ததை நான் ஒரு நாளும் காணவில்லை.

இனி, நீ பிள்ளைகளுக்குச் சொல்லாமல் தாண்டிவிடுவாயோ என்று நான் பயப்படுகிற பகுதி. கோயிலின் கதை என்று நாங்கள் ராசகுமாரி வரைக்கும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். எனக்கு அது மனத்துக்குச் சரியாகப் படவில்லை.

1968 இல் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். மாவிட்டபுரம் கோயிலுக்குள் வந்து கும்பிட வேண்டும் என்று, ஒடுக்கப்பட்ட சாதிகள் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட சனங்கள் வாசலில் வந்து நின்றார்கள். பொதுக் கோயிலுக்குள் ஒருவரை விடாமல் தடுப்பது குற்றம் என்று 1957 இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் கதவு சாத்தப்பட்டது. அவர்கள் வாசலிலேயே இருந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள். அடியும் பட்டார்கள். எங்கள் வீட்டில் பெரியவர்கள் இதைப் பற்றிக் குரலைத் தாழ்த்திக் கதைப்பார்கள், பிள்ளைகள் போனால் நிறுத்திவிடுவார்கள். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள் ஒருத்தியின் தமையனும் அந்த வாசலில் இருந்தவன் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் வகுப்பில் ஒரு சொல் சொல்லவில்லை.

யோசித்துப் பார். ஆட்கள் முகத்தைப் பார்க்கக் கூசிய ஒருத்தி வந்து இறங்கினாள். அந்தத் தண்ணீர் அவளிடம் நீ யார் என்று கேட்கவில்லை. அந்த நன்றிக்கு அவள் கட்டிய கோயிலின் வாசலில், முருகா என்று வந்தவர்களை நிறுத்தினோம். முருகன் வேடப் பெண்ணை மணந்தவன் என்று திருவிழாவில் பாடிக்கொண்டேதான் நிறுத்தினோம். பிறகு கதவு திறந்தது. திறந்தது தானாக நடக்கவில்லை, அந்தச் சனங்கள் இருந்து வாங்கியது. இன்றைக்கு உன் பிள்ளைகள் வலது கால் வைத்து உள்ளே போகும்போது, இந்த வாசலில் இப்படியும் ஆட்கள் இருந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கனடாவில் வளர்கிற பிள்ளைகள், நியாயம் அநியாயம் கேட்டால் விளங்கிக்கொள்வார்கள். இதைச் சொன்னால் கோயிலுக்கு மரியாதை குறைந்துவிடும் என்று உன் மாமா சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கந்தன் மேல் எனக்குள்ள பக்தி இதைச் சொல்வதால் ஒரு துளியும் குறையாது.

1990 உனக்கு நினைவிருக்கும், பத்து வயது. ஆனியில் ஷெல் விழத் தொடங்க, ஒரு பையோடு மல்லாகத்துக்கு ஓடினோம். நாலு நாளில் திரும்பலாம் என்று அப்பா கதவைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டார். அந்தத் திறப்பு இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது, கதவுதான் இல்லை. பிறகு வலிகாமம் வடக்கின் பெரும் பகுதி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் என்று அடைபட்டது. அந்த ஆண்டே நகுலேஸ்வரம் குண்டுவீச்சில் சிதைந்தது. மாவிட்டபுரக் கோபுரமும் தப்பவில்லை. தேர் ஓடின வீதியில் பற்றை முளைத்தது. கீரிமலைக்குப் போக முடியாத அந்த ஆடி அமாவாசைகளில் அப்பா தன் தகப்பனாருக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கிணற்றடியில் நின்று, வடக்கே பார்த்துக்கொண்டு எள்ளும் தண்ணீரும் இறைத்தார். நீ வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய். அந்த வயதிலேயே உனக்கு முறை தெரியும், மறந்துவிட்டேன் என்று சொல்லாதே.

போர் முடிந்து, காணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விடத் தொடங்கினார்கள். எங்கள் காணி விடுபட்டபோது வீடு இல்லை, மா மரம் இல்லை, வேலி இல்லை. எல்லையே தெரியவில்லை. கிணறு இருந்தது. அப்பா கிணற்றை வைத்துத்தான் இது விறாந்தை, இது குசினி என்று காலால் அளந்து காட்டினார். இன்னும் காணி கிடைக்காத ஆட்கள் இருக்கிறார்கள், அதையும் பிள்ளைகளிடம் மறைக்காதே. ஆனால் கோயில்களைப் பார். வீடு கட்டக் காசில்லாத சனமும் கோயிலுக்கு ஒரு மூட்டை சீமெந்து கொடுத்தது. நீங்களும் வெளிநாட்டிலிருந்து அனுப்பினீர்கள். மாவிட்டபுரத்தில் திரும்பவும் கொடி ஏறுகிறது, தேர் ஓடுகிறது. பேத்தி ஒரு முறை தேர் வடத்தைத் தொட வேண்டும். இழுக்க வேண்டாம், கூட்டத்தில் நசுங்கிவிடும், உன் தோளில் இருந்து தொட்டால் போதும்.

திருவிழாக் கணக்கையும் சொல்கிறேன், ரிக்கெற் போட உதவும். மாவிட்டபுரத்தில் இருபத்தைந்து நாள் திருவிழா. தீர்த்தம் ஆடி அமாவாசையில், அன்றைக்குக் கந்தசுவாமி கீரிமலைக்கு எழுந்தருளுவார். அமாவாசையிலிருந்து ஆறாம் நாள் நல்லூரில் கொடி. அதுவும் இருபத்தைந்து நாள், ஆவணி அமாவாசையோடு தீர்த்தம். அது முடியத் தொண்டைமானாற்றில் சந்நிதி. அதற்குப் பிறகு புரட்டாதிப் பௌர்ணமிக்கு வல்லிபுர ஆழ்வார் கடலில் தீர்த்தமாடுவார். ஒரு கோயில் கொடி இறங்க அடுத்த கோயிலில் ஏறும். நீ அமாவாசைக்கு மூன்று நாள் முந்தி வந்து, இரண்டு கிழமை நின்றால், மாவிட்டபுரத் தேர், தீர்த்தம், நல்லூர்க் கொடியேற்றம் மூன்றும் பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள். மூன்று நாளில் வந்து போகிற யோசனையை விட்டுவிடு.

நல்லூருக்குப் போகும்போது பெரிய கோபுரத்தையும் ஐஸ்கிறீம் கடையையும் மட்டும் காட்டிக் கொண்டு வந்துவிடாதே. மூலஸ்தானத்தில் உருவம் இல்லை, வேல்தான் இருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்கு உள்ளே போக முந்தியே சொல்லு. அர்ச்சனை ரிக்கெற் இன்றைக்கும் ஒரு ரூபாய்தான். மணி அடிக்க வேண்டிய நேரத்துக்கு அடிக்கும், யாருக்காகவும் பூசை காத்திருக்காது. பழைய கோயில் இப்போதைய இடத்தில் இருக்கவில்லை. யாழ்ப்பாண அரசர்களின் தலைநகரில் இருந்த அந்தக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1621 இல் இடித்தார்கள். பழைய இடத்தில் இப்போது ஒரு தேவாலயம் நிற்கிறது, பக்கத்தில் ப வடிவில் கட்டிய யமுனா ஏரி கிடக்கிறது. நடந்து போய் அந்த ஏரியைக் காட்டு, ஒருவரும் போவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் ஆட்சியில் சின்னதாகத் திரும்பக் கட்டியதுதான் இன்றைய கோயிலின் தொடக்கம்.

இன்னுமொன்று. திருவிழாவில் கட்டியம் சொல்லும்போது காது கொடுத்துக் கேள். ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு என்ற பெயர் வரும். தெற்கே கோட்டை இராச்சியத்திலிருந்து படை கொண்டு வந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த சப்புமல் குமாரயனின், நாங்கள் செண்பகப் பெருமாள் என்கிற இளவரசனின் பட்டப்பெயர் அது. தெற்கேயிருந்து வந்து இங்கே கோயில் எடுத்தவனை இந்தக் கோயில் இன்னும் வாழ்த்துகிறது. இவ்வளவு நடந்த பிறகும் அந்தப் பெயரை எடுத்துவிடவில்லை. எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு நிறையும்.

தேரடியில் ஒரு நிமிஷம் நில். செல்லப்பா சுவாமிகள் இருந்த இடம். விசரன் என்று ஊர் சொன்ன மனிதர், யோகர் சுவாமிக்குக் குரு. "ஒரு பொல்லாப்பும் இல்லை" என்பது அவர் வாக்கு. அப்பா கடைசி நாட்களில் ஆசுபத்திரியில் இருந்தபோது நான் அழ, அதைத்தான் சொன்னார். போனில் உனக்கும் சொல்ல முயன்றார், உனக்குச் சரியாகக் கேட்டிருக்காது.

சந்நிதிக்கு ஒரு நாள் மத்தியானம் போவோம், சோறு அங்கேதான். அன்னதானக் கந்தன், மடத்தில் யார் எந்த ஊர் என்று கேட்காமல் இலை போடுவார்கள். மந்திரம் சொல்லாமல், வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிற கோயில். கடற்றொழில் செய்த பரம்பரையில் வந்தவர்கள்தான் பூசகர்கள். மாவிட்டபுர வாசலைப் பற்றிச் சொன்ன பிறகு சந்நிதியைக் காட்டினால் பெரியவனுக்கு நிறைய விளங்கும். வல்லிபுரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போகலாம், மணல் மேட்டில் ஏறி விளையாட விடு. நயினாதீவு உன் விருப்பம். குறிகட்டுவானில் வள்ளம் ஏற வேண்டும், காற்றுக் காலம், சின்னவளுக்கு வயிற்றைப் புரட்டும். போனால் பாம்பும் கருடனும் சண்டை பிடித்த கல்லைக் கேட்டுப் பாருங்கள். பராக்கிரமபாகு காலத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கோயிலில் இருக்கிறது. யானை குதிரை கொண்டு வந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு என்று எழுதியிருக்கிறது. கப்பல் என்றால் உயிரை விடுகிற பேரனுக்குப் பிடிக்கும்.

இனி அமாவாசை அலுவல். விடிய நாலு மணிக்கு வெளிக்கிட வேண்டும், பிந்தினால் காங்கேசன்துறை வீதியில் வாகனம் நகராது. வேட்டி சால்வை கொண்டு வராதே, அப்பாவுடையது பெட்டியில் மடித்து வைத்திருக்கிறேன். முதலில் கடலில் முழுகி, பிறகு கேணியில் முழுகு. கரையில் ஐயர் தர்ப்பை போட்டு விடுவார், அவர் சொல்லச் சொல்லச் சொல்லு. பிண்டத்தைக் கடலில் விட வேண்டும். அரிசி, காய்கறி, தட்சணை எல்லாம் நான் கட்டி வைப்பேன். அப்பாவின் பெயர், அவர் தகப்பன் பெயர், அவருக்கும் தகப்பன் பெயர் கேட்பார்கள், மூன்று தலைமுறை. பெயர்களை இந்தக் கடிதத்தோடு தனித் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன். பேரனுக்கும் அதை வாசித்துக் காட்டு.

வீட்டுக்கு வந்து படையல். காத்தோட்டிக்காய் இல்லாமல் ஆடி அமாவாசைச் சமையல் இல்லை. சுன்னாகச் சந்தையில் அந்த இரண்டு மூன்று நாள்தான் அது கண்ணில் படும், விலையும் கேட்க முடியாது. கைப்பு என்று பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கும். நான் மெல்லிசாக வெட்டி உப்பில் போட்டுப் பிழிந்து பொரித்துத் தருகிறேன், ஒரு துண்டாவது வாயில் வைக்க வேண்டும். அப்பாவுக்கு அது உயிர். காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் எங்களுக்கு இலை. மருமகளுக்குச் சொல்லு, அவள் ஒன்றும் செய்யத் தேவையில்லை, விருந்தாளியாக இருந்தால் போதும். சமையலுக்கு மாமி வருவாள்.

ஐயரிடம் ஆடி அமாவாசைக்கு ஆட்கள் நிறையப் பேர் வருவார்கள், முந்தியே சொல்லி வைக்க வேண்டும். ஆகையால் ரிக்கெற்றை மாற்றினாயா இல்லையா என்று இந்தக் கிழமைக்குள் எடுத்துச் சொல்லு. விமானக் கம்பனிக்காரன் மேலதிகக் காசு கேட்டால் யோசிக்காதே, நான் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா